வேலை ஊரைத் தேடி வரட்டும்!

திருவாரூர் மாவட்டத்தில் கூத்தாநல்லூர் என்று ஓர் ஊர். சுற்றிலும் நெல் வயல். நடுவே மாடி வீடுகள். தெருவுக்குள் நுழைந்தால் பட்டணத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். "சின்னச் சிங்கப்பூர்" என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. பாட்டன் காலத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வணிகம் செய்யப் போனார்கள். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். கடல் கடந்து போனவர்கள் பாடுபட்டு அனுப்பிய பணம் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் நிற்கிறது. பள்ளிக்கூடமாகவும் பள்ளிவாசலாகவும் நிற்கிறது.

நல்லதுதான். ஆனால் அதற்கு அந்த ஊர் கொடுத்த விலை என்ன?

பல வீடுகளில் வீட்டைக் கட்டியவர் வீட்டில் இல்லை. மகளின் முதல் பேச்சை அவர் கேட்கவில்லை. மகன் பரீட்சையில் தேறியதைப் போனில் கேட்டார். தாயார் கண்ணை மூடியபோது விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. பணம் மாதாமாதம் வந்தது. மனிதர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்தார்.

இப்போது பேரப்பிள்ளைகள் தலையெடுத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்திருக்கிறார்கள். அவர்களும் பெட்டி கட்டுகிறார்கள்! அன்று நாகப்பட்டினத்துக் கப்பல். இன்று சென்னை பஸ், திருச்சி விமானம். அவ்வளவுதான் வித்தியாசம்.

படித்த பிள்ளை ஊரை விட்டுப் போய்த்தான் ஆகவேண்டுமா? வேலை ஊரைத் தேடி வரக்கூடாதா?

வரலாம். வந்தும் இருக்கிறது, வேறு ஓர் ஊருக்கு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதற்கு முன்னால், வேலை எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்வதில் பெரும் பங்கு உள்ள ஓர் உத்தியோகஸ்தரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த அதிகாரி?

கம்பெனியில் அவரை "எச்.ஆர்." என்பார்கள். தமிழில் மனிதவள அதிகாரி. ஆள் எடுப்பது அவர் வேலை. எடுத்த ஆளுக்குப் பயிற்சி கொடுப்பது, சம்பளம் நிர்ணயிப்பது, குறை கேட்பது, உயர்வு கொடுப்பது, வேண்டாம் என்றால் வெளியே அனுப்புவது - எல்லாம் அவர் பொறுப்பு.

அரிசி ஆலைக்கு நெல் வேண்டும். நூல் ஆலைக்குப் பஞ்சு வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு என்ன வேண்டும்? மனித மூளை வேண்டும். நெல் கொள்முதல் செய்பவர் ஏமாந்தால் ஆலை நஷ்டப்படும். ஆள் எடுப்பவர் ஏமாந்தால் கம்பெனியே படுத்துவிடும். அதனால்தான் பெரிய கம்பெனிகளில் இந்த அதிகாரி முதலாளிக்கு அடுத்த வரிசையில் உட்காருகிறார்.

ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில் முதலாளிக்கு எல்லோர் பெயரும் தெரியும். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரியும். ஐயாயிரம் பேர் ஆகிவிட்டால்? அதிலும் பாதிப் பேர் அமெரிக்காவில், துபாயில், ஜப்பானில் இருந்தால்? நாட்டுக்கு ஒரு சட்டம். நாட்டுக்கு ஒரு விடுமுறை. நாட்டுக்கு ஒரு சம்பளம். முதலாளிக்கு முகமே தெரியாது. அப்போது இந்த அதிகாரியின் கண்தான் முதலாளியின் கண். தொழிலாளியின் வாயும் இவர்தான்.

இந்த வேலை புதிதாக முளைத்ததும் அல்ல. 1918-ம் ஆண்டில் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு ஆலைத் தொழிலாளி தன் குறையைச் சொல்ல ஒரு வாசல் கிடையாது. 1948-ம் ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரி இருக்கவேண்டும் என்று சொன்னது. தொழிலாளர் போராடிப் பெற்ற வாசலில்தான் இன்றைய மனிதவள அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அதை மறக்கக்கூடாது.

கங்காணியும் ஆள்தான் எடுத்தான்

நம் பக்கத்தில் ஆள் எடுத்தவர்களுக்குப் பழைய கதை ஒன்று உண்டு.

மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலம். தோட்டத்துரை தன்னிடம் வேலை செய்யும் ஒரு கங்காணியைத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவார். கங்காணி சொந்த ஊருக்கு வருவான். நல்ல வேஷ்டி, கையில் மோதிரம். "அங்கே வந்தால் கைநிறையக் காசு" என்பான். பஞ்சத்தில் வாடிய ஜனங்கள் நம்பிக் கப்பல் ஏறுவார்கள். ஏறின ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. ஆள் அங்கே போய் வாழ்ந்தானா, வாடினானா என்பது கங்காணியின் கணக்கில் இல்லை.

1938-ம் ஆண்டில் இந்திய சர்க்கார் தோட்டக் கூலிகளை மலேயாவுக்கு அழைத்துப் போவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு ஒழிந்தது. ஆனால் கங்காணி புத்தி ஒழிந்துவிட்டதா?

இன்றும் கல்லூரிக்கு ஒரு கூட்டம் வருகிறது. ஒரே நாளில் நூறு பேரைப் பொறுக்குகிறது. "இத்தனை பேரை எடுத்தோம்" என்று பத்திரிகையில் படம் போடுகிறது. வேலைக்குச் சேரும் உத்தரவு வருமென்று பையன் ஆறு மாதம், ஒரு வருஷம் காத்திருக்கிறான். ஊரார், "என்னப்பா, இன்னும் போகவில்லையா?" என்று கேட்கிறார்கள். பையன் வெளியே தலை காட்டுவதில்லை.

தலையை எண்ணுகிறவன் கங்காணி. ஆளைப் பார்க்கிறவன் அதிகாரி. இந்த இரண்டில் எது என்று ஒவ்வொரு மனிதவள அதிகாரியும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

மத்தளம்பாறையில் நடந்தது

இப்போது அந்த வேறு ஊரைப் பார்ப்போம்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர். பெயர் ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1996-ம் ஆண்டில் சகோதரர்களோடும் நண்பரோடும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். இன்று அதற்கு ஜோஹோ என்று பெயர். கணக்கு எழுதவும், கடிதம் அனுப்பவும், வியாபாரம் நடத்தவும் உதவும் மென்பொருள்களைச் செய்து உலகம் முழுவதும் விற்கிறது. 15,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள்.

இந்தக் கம்பெனி ஆள் எடுப்பதில் இரண்டு காரியம் செய்தது.

முதல் காரியம்: பட்டம் இல்லாத பிள்ளைகளை எடுத்தது. சுமார் 20 வருஷங்களுக்கு முன்பு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவர்களோடு ஒரு பள்ளி தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமாவும் படித்த பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். கட்டணம் கிடையாது. படிக்கும் காலத்தில் கையில் உதவித்தொகையும் உண்டு. கம்ப்யூட்டர், கணக்கு, ஆங்கிலம் எல்லாம் சொல்லிக்கொடுத்து அங்கேயே வேலை கொடுத்தார்கள். இப்படி வந்தவர்கள் இன்று ஆயிரத்துக்கும் மேலே. கல்யாணம், குழந்தை என்று வேலையை விட்ட பெண்களைத் திரும்ப அழைக்க "மறுபடி" என்று ஒரு பயிற்சியும் வைத்தார்கள்.

இரண்டாவது காரியம்: கம்பெனியைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. 2011-ம் ஆண்டில் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்னும் ஊரில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். குற்றால மலை கண்ணுக்குத் தெரியும் இடம். "கிராமத்திலே உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரனுக்கு வேலை செய்வதா? நடக்கிற காரியமா?" என்று சிரித்தவர்கள் உண்டு.

நடந்தது! வாடிக்கைக்காரர்களின் குறைகளைக் கவனிக்க உதவும் ஒரு மென்பொருள் அந்த ஊரில் உருவாகி, 2016-ம் ஆண்டில் உலகச் சந்தைக்குப் போயிற்று. ஆந்திராவில் ரேணிகுண்டா, கேரளத்தில் கொட்டாரக்கரை என்று கம்பெனி வேறு சிறிய ஊர்களுக்கும் போனது. 2019-ம் ஆண்டில் ஸ்ரீதர் வேம்பு தாமே தென்காசிப் பக்கம் குடி வந்துவிட்டார். 2021-ம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 ஜனவரியில் தலைமைப் பதவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு ஆராய்ச்சி வேலைக்குத் திரும்பினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மூளை பட்டணத்தில் மட்டும் விளையும் பயிர் அல்ல. தேடுகிறவன் பட்டணத்திலேயே தேடினால் பட்டணத்து மூளைதான் கிடைக்கும்.

நம் விவசாயியைக் கேளுங்கள். விதை நெல் வாங்கும்போது சாக்கின் மேல் அச்சடித்த பெயரை மட்டும் பார்ப்பாரா? ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைப்பார். முளைக்கிறதா என்று பார்ப்பார். பட்டம் என்பது சாக்கின் மேல் உள்ள அச்சு. முளைக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரே நல்ல அதிகாரி.

நம் ஊருக்கு ஏன் வேண்டும்?

தென்காசிக்கு வந்தது டெல்டாவுக்கு வர என்ன தடை?

ஒரு விஷயம் யோசியுங்கள். 2020-ம் ஆண்டில் தமிழக அரசு ஒரு சட்டம் செய்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில பகுதிகளும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயின. புதிதாக எண்ணெய்க் கிணறு தோண்டக்கூடாது. இரும்பு ஆலை, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை கூடாது. சோறு போடும் மண்ணைக் காக்க வந்த சட்டம் அது. நல்ல சட்டம்.

ஆனால் வயல் மட்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வேலை கொடுக்குமா? கொடுக்காது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. நிலம் பாகம் பாகமாகப் பிரிந்துவிட்டது. ஆகவே டெல்டாவுக்கு வேண்டியது, மண்ணைக் கெடுக்காத தொழில். புகை விடாத தொழில். ஆற்றில் சாயம் கலக்காத தொழில். கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஒரு கட்டடம், மின்சாரம், இணையக் கம்பி, நாற்காலி, நல்ல பிள்ளைகள் போதும். ஒரு போகம் நெல்லும் அதனால் குறையாது.

பிள்ளைகள் இருக்கிறார்களா? ஏன் இல்லை! திருவாரூருக்கு அருகே நீலக்குடியில் மத்திய பல்கலைக்கழகம் 2009-ம் ஆண்டில் வந்தது. திருவாரூரில் திரு.வி.க. பெயராலேயே ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. மன்னார்குடியில் ராஜகோபாலசாமி அரசுக் கல்லூரி. கூத்தாநல்லூரிலேயே பெண்களுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரி. தஞ்சாவூரில் சாஸ்த்ரா. இத்தனை வாசல் வழியாக வருஷம்தோறும் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள்.

அவர்களில் பெண்களை நினைத்துப் பாருங்கள். பையனுக்காவது பெட்டி கட்டும் உரிமை இருக்கிறது. பெண்ணுக்கு? "சென்னைக்குத் தனியாக அனுப்ப மாட்டோம்" என்கிறார் பாட்டி. அத்தாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கிறார். அம்மாவுக்குத் துணை வேண்டும். பட்டம் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியிருப்பது காகிதம் அல்ல, அந்தப் பெண்ணின் பத்து வருஷ உழைப்பு. அவள் நடந்தோ, பஸ்ஸில் அரை மணியிலோ போகும் தூரத்தில் வேலை இருந்தால், அந்தப் பாட்டியே சோற்று டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்புவாள்.

இடமும் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டில் சென்னையில் டைடல் பூங்கா திறந்தார்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் சிறிய டைடல் பூங்கா திறந்தார்கள். சென்னையிலிருந்து தஞ்சைக்கு வர 24 வருஷம் ஆயிற்று! தஞ்சையிலிருந்து கூத்தாநல்லூருக்கு வர இன்னொரு 24 வருஷம் ஆகவேண்டுமா?

ஆட்சேபம் சொல்பவர்களுக்கு

"சின்ன ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராதே?" என்பார்கள். கூத்தாநல்லூர்க்காரருக்கு இதைச் சொல்லலாமா? மலாய் பேசினார்கள்; அரபு பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தா பேசினார்கள்? கடையில் நின்று கற்றார்கள். வேலை இருந்தால் மொழி வரும். மத்தளம்பாறையில் வரவில்லையா?

"ஊரிலேயே இருந்தால் பிள்ளை கிணற்றுத் தவளை ஆகிவிடுவான்" என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆகவே வருஷத்தில் சில வாரமாவது அவனைத் தலைமை அலுவலகத்துக்கும் வெளிநாட்டு அலுவலகத்துக்கும் அனுப்பி வேலை பழக வைக்க வேண்டும். போய் வருவது வேறு. போனவன் வராமலே இருப்பது வேறு.

"கிராமத்து ஆபீஸ் என்றால் குறைந்த கூலிக்கு ஆள் பிடிக்கும் தந்திரம்" என்று சிலர் சொல்வார்கள். இது நியாயமான சந்தேகம். வாடகை குறைவு, செலவு குறைவு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது சுலபம். ஆனால் சின்ன ஊரில் கம்பெனிக்கும் அல்லவா வாடகை குறைகிறது? அந்த மிச்சத்தில் பிள்ளைக்குப் பங்கு வேண்டாமா? சம்பளத்தில் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கலாம். பதவி உயர்வில் இருக்கக் கூடாது. சென்னைக்காரன் ஏறும் ஏணியில் கூத்தாநல்லூர்ப் பெண்ணும் ஏறவேண்டும்.

"பட்டம் வாங்காமல் சேர்ந்தவன், நாளைக்கு அந்தக் கம்பெனியை விட்டு வெளியே வந்தால் யார் மதிப்பார்கள்?" இதுவும் நல்ல கேள்வி. எச்.சி.எல். என்ற கம்பெனி 2017-ம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்க்கும் திட்டம் தொடங்கியது. அதில் வேலை செய்துகொண்டே கல்லூரிப் பட்டமும் படிக்கலாம். அந்தப் பட்டம் கொடுக்க முன்வந்தவற்றில் நம் தஞ்சாவூர் சாஸ்த்ராவும் ஒன்று. வேலையும் வேண்டும், கையில் காகிதமும் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒரு வழி.

ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு

கம்ப்யூட்டர் கம்பெனி என்றால் பொன் விளையும் பூமி என்று எண்ணிவிடவும் கூடாது.

திருச்சியில் வளர்ந்து தஞ்சாவூரில் என்ஜினீயரிங் படித்தவர் கிரீஷ் மாத்ருபூதம். அவர் 2010-ம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய கம்பெனிக்கு இன்று ப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர். 2021 செப்டம்பரில் அது அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. கம்பெனிப் பங்குகளை ஊழியர்களுக்கும் கொடுத்திருந்தபடியால் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். முதலாளி மட்டும் அல்ல, ஊழியரும் பணக்காரர் ஆனார் என்று ஊரே பேசியது.

அதே கம்பெனி 2024 நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. நூற்றுக்கு 13 பேர். 2025-ம் ஆண்டில் டி.சி.எஸ். கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைப்பதாகச் சொன்னது. முன்பு பத்துப் பேர் செய்த வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு என்னும் புது இயந்திரம் இன்று செய்கிறது. இது போகப் போகக் கூடும்.

இங்கேதான் மனிதவள அதிகாரியின் தரம் தெரியும். ஆள் எடுக்கும் நாளில் எல்லோரும் சிரித்த முகம் காட்டுவார்கள். அனுப்பும் நாளில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். காலையில் வேலைக்கு வந்தவனுக்குக் கதவு திறக்கவில்லை. கம்ப்யூட்டரில் உள்ளே போக முடியவில்லை. அப்போதுதான் தனக்கு வேலை இல்லை என்று அவனுக்குத் தெரிகிறது என்றால், அது எவ்வளவு பெரிய கொடுமை! எதிரில் உட்கார வைத்துச் சொல்ல ஐந்து நிமிஷம் கிடையாதா?

கம்பெனிக்குக் கஷ்டம் வரலாம். ஆள் குறைக்கவும் நேரலாம். அப்போதும் முறை உண்டு. முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பாக்கி முழுவதும் கொடுக்க வேண்டும். வேறு வேலை தேட உதவ வேண்டும். புது இயந்திரம் வந்து வேலை போகும் என்றால், போவதற்கு முன்பே புது வேலை கற்றுக்கொடுக்க வேண்டும். சின்ன ஊரில் இது இன்னும் முக்கியம். பட்டணத்தில் ஒரு கம்பெனி போனால் அடுத்த தெருவில் இன்னொன்று. கூத்தாநல்லூரில் ஒரே கம்பெனி என்றால், அது மூடினால் ஊரே மூடும். ஆகவே ஒருவர் மட்டும் வந்தால் போதாது, பலர் வரவேண்டும்.

அதிகாரிகளே, இதைச் செய்யுங்கள்

வளர்ந்துவரும் கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளுக்கு நான்கு வார்த்தை சொல்லுவோம்.

ஒன்று: பேட்டி எடுக்கப் பட்டணத்துக் கல்லூரிகளுக்கு மட்டும் போகாதீர்கள். வருஷத்தில் ஒரு தடவை மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும் வாருங்கள். பையன் செலவு செய்து உங்களிடம் வரவேண்டாம், நீங்கள் வாருங்கள்.

இரண்டு: கேள்வியைத் தமிழிலும் கேளுங்கள். கணக்குப் போடும் மூளை இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். மூளையைப் பிறகு சொல்லிக்கொடுக்க முடியாது.

மூன்று: முதலில் இருபது பேருக்கு ஓர் அலுவலகம் போடுங்கள். மாளிகை வேண்டாம். நல்ல தலைவர் ஒருவரை அங்கேயே குடிவைத்து நடத்துங்கள். இருபது பேரும் ஒழுங்காக வேலை செய்தால் இருநூறு ஆக்குங்கள். நாற்றங்காலில் தேறாத நாற்றை நடவு செய்வது யார்?

நான்கு: வேலை கிடைத்தது என்று சொன்னால் தேதியையும் சொல்லுங்கள். சொன்ன தேதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்குத் தவறாத கம்பெனியை இந்த ஊர் மறக்காது. வாக்கை நம்பிக் கடல் கடந்து வணிகம் செய்த ஊர் இது.

பெற்றோர்களே, இதைக் கேளுங்கள்

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. "சம்பளம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

வேலை நியமன உத்தரவைக் கையில் கொடுப்பார்களா என்று கேளுங்கள். எல்லாத் தொழிலாளிக்கும் நியமன உத்தரவு கொடுக்கவேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்கள் சொல்கின்றன. பயிற்சிக்குப் பணம் கேட்கிறார்களா? கேட்டால் எதற்கு, எவ்வளவு, திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்களா? அப்படியானால் கொடுக்காதீர்கள்.

பெண் வேலைக்குப் போகிறாளா? பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பெண்களின் புகாரை விசாரிக்க ஒரு குழு இருக்கவேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். பிரசவத்துக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுமுறை என்பது 2017-ம் ஆண்டு முதல் உள்ள விதி. இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனியில் பிள்ளையைச் சேர்ப்பதுதான் பிழை.

வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் வீடு கட்டினீர்கள், பள்ளிக்கூடம் கட்டினீர்கள். இனி ஒரு மாடியைக் கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குக் குறைந்த வாடகைக்கு விடுங்கள். கல்யாண மண்டபம் வருஷத்தில் சில நாள் நிறையும். அலுவலகம் வருஷம் முழுவதும் நிறையும். நகராட்சியும் நல்ல மின்சாரத்துக்கும் இணையக் கம்பிக்கும் ஏற்பாடு செய்தால் வருகிறவர்களுக்குத் தைரியம் வரும்.

மடை திறக்கட்டும்

ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் டெல்டாவே மகிழும். ஆனால் கடைமடை விவசாயி உடனே ஏரைப் பூட்டுவதில்லை. தன் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பார். அணை நிறைந்திருப்பது அவருக்குப் போதாது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு மதகும் திறந்தால்தான் அவர் வயல் நனையும்.

கம்ப்யூட்டர் வேலையும் அப்படித்தான். சென்னையில் அணை நிறைந்திருக்கிறது. தென்காசிக்கு ஒரு வாய்க்கால் போயிருக்கிறது. தஞ்சாவூரில் ஒரு மதகு திறந்திருக்கிறது. கூத்தாநல்லூர் இன்னும் கடைமடையாகவே இருக்கிறது.

மதகின் திருகு மனிதவள அதிகாரிகளின் கையில் இருக்கிறது. தண்ணீர் தயார். வயலும் தயார். திருப்புவதற்குக் கை மட்டும் வேண்டும்.

திருப்புங்கள், ஐயா! அடுத்த தலைமுறைப் பிள்ளை அப்பாவின் குரலைப் போனில் மட்டும் கேட்டு வளர வேண்டாம்.